ஓவி-14 யாருடைய செல்?

1. வார்டுக்குப் போன முதல் நாள்

லேப் டெக்னீஷியனுக்கு வார்டில் வேலை கிடையாது. இருபத்தாறு வருட சர்வீஸில் அதுவரை நான் ஒரு நோயாளியின் கட்டிலருகே போய் நின்றதில்லை. எங்களிடம் வருவது மூடி இறுக்கிய குப்பி. அதன்மேல் ஒரு நம்பர். ஆள் யார், ஊர் எது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது விதி.

அன்று காலை உஷா மேடம் என்னைக் கூப்பிட்டார். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த, ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் கேன்சர் செல் லேபுக்கு அவர்தான் தலைவர். சினைப்பையில் கேன்சர் வந்த ஒரு பெண்மணியின் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, நாளை அதை வடிக்கப்போகிறார்கள், கொஞ்சம் நமக்கு வேண்டும் என்றார். சம்மதப் பாரம் மலையாளத்தில் இருந்தது. அந்த அம்மாள் பிறந்து படித்தது தமிழ்நாட்டுப் பக்கம், கல்யாணம் ஆகி வந்தது கேரளத்து வெள்ளறடைக்கு, தமிழ்தான் வாசிப்பார். நான் எல்லையோர ஊரான அமரவிளைக்காரி, இரண்டு பாஷையும் வாயில் வரும். "ஷீபே, ஒந்நு போயி பறஞ்ஞு கொடுக்கு" என்றார் மேடம். வார்டில் வேறு ஆள் இல்லாததால் என்னைப் போய் விளக்கச் சொன்னார், நானும் போனேன். அதில் ஒரு தவறு இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவர் பெயர் வசந்தா. தையல் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் தங்கப்பன் ரப்பர் வெட்டுகிறவர். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னை நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டரே" என்று கூப்பிட்டார். அதை நான் திருத்தவில்லை.

பாரத்தில் இருந்ததை எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்லால் ஆனது. ஒவ்வொரு செல்லும் தனியே சத்தெடுக்கும், கழிவை வெளியே தள்ளும், தேவைப்பட்டால் இரண்டாகப் பிரியும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்கிற கணக்கு அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. கேன்சர் செல்லில் அந்த எழுத்து கெட்டுப்போய்விடுகிறது; நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போகிறது. உங்கள் வயிற்று நீரில் அந்த மாதிரி செல் மிதக்கிறது. அதை எடுத்துக் குப்பியில் வளர்த்து, என்ன மருந்து கொடுத்தால் சாகிறது என்று பார்ப்போம்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, பலன் ஏதும் உண்டா என்கிற மாதிரி, "இதுல எனக்கு வல்ல குணமும் உண்டா மக்கா?" என்றார்.

"உங்களுக்கு இல்லக்கா. பொறவு வாறவங்களுக்கு ஆக்கும்."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போடும்போது கணவரைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. தங்கப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

2. நின்றுபோன செல் ஓடத் தொடங்கியது

மறுநாள் குப்பி வந்தது. நம்பர் ஓவி-14. ஓவரி கேன்சரில் எங்கள் லேபுக்கு வந்த பதினான்காவது சாம்பிள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உடம்புக்கு வெளியே வந்த செல் உடனே சாவதில்லை. உடம்பின் சூடு, உடம்பில் கிடைக்கும் சத்து, சுத்தமான இடம் இவற்றைக் கொடுத்தால் வாழும். மீடியம் என்று நாங்கள் சொல்லும் சத்துநீர் இளஞ்சிவப்பாக இருக்கும். செல் தின்று கழிவு சேர்ந்தால் அது மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் மாற்றிவிட வேண்டும். முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில் படுக்கவைத்த ஃப்ளாஸ்கின் அடியில் செல் ஒட்டிக்கொண்டு பரவும். அடி நிறைந்ததும் டிரிப்சின் என்ற திரவத்தை விட்டு அவற்றைப் பிரித்துக் கிளப்பி, புது ஃப்ளாஸ்குகளில் பங்கிட வேண்டும். அதற்குப் பெயர் பாசேஜ். நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரி.

நோயாளியிடமிருந்து நேரே எடுத்த செல் சில பாசேஜுக்கு மேல் போகாது. கேன்சர் செல்லானாலும் குப்பிக்குள் பெரும்பாலும் சோர்ந்து நின்றுவிடும். ஓவி-1 முதல் 13 வரை அப்படித்தான் நின்றன. ஆயிரத்தில் ஒன்று எல்லையைத் தாண்டி ஓயாமல் ஓடும். அதைத்தான் செல்லைன் என்பார்கள். ஒரு செல்லைன் கிடைத்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதே செல்லில் திரும்பத் திரும்பச் சோதனை செய்யலாம்.

ஓவி-14 இரண்டாவது பாசேஜில் கொஞ்சம் செல்லை மூன்று வயலில், அதாவது விரலளவு குப்பியில், உறையவைத்து, லிக்விட் நைட்ரஜன் டேங்கில் இறக்கினேன். அது வழக்கம். மிச்சத்தை வளர்த்தேன். ஐந்தாவது பாசேஜில் சோர்வு தெரிந்தது. ஆறாவதில் நின்றுவிட்டது. பதினாறு நாள் நிறம் மாறாத மீடியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டிவிடலாம் என்று பி.எச்.டி. மாணவர் அனூப் சொன்னார். இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்றேன்.

பதினெட்டாம் நாள் மூலையில் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது. வாரம் திரும்புவதற்குள் ஃப்ளாஸ்க் நிறைந்தது. மீடியம் ஒரே இரவில் மஞ்சளானது. மேடம் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அனூப்புக்கு ஆராய்ச்சிக்கு விஷயம் கிடைத்தது. அடுத்த மூன்று வருடமும் அவர் ஓவி-14 மேல் மருந்துகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த செல் பழையது மாதிரி இல்லை. பழையது நீளமாக, ஓரம் மங்கலாக இருக்கும். இது சிறிதாக, நெருங்கி, தெருவில் கல் பாவினது மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் ஒரு நிமிடம் குழம்பினேன். எல்லையைத் தாண்டிய செல் உருவம் மாறத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3. "எப்பிடி இருக்கா?"

சாம்பிள் கொடுத்து நான்கு மாதத்தில் வசந்தா இறந்துபோனார். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவருடைய மகள் பிந்துவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் அமரவிளையில். மகளைப் பார்க்க வந்த தங்கப்பன் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டு, "சிஸ்டரே, ஓர்மை உண்டா?" என்று கேட்டார். மனைவி போன செய்தியைச் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தி லேபில்தான் இருந்தது. சொல்லக்கூடாது என்று தெரிந்தே சொன்னேன்.

"அண்ணே, அக்காளுக்க செல்லு நல்லா வளருது. உயிரோட இருக்கு."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவருக்கான பஸ் வந்து நின்று போனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அதற்குப்பிறகு மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் வேலை முடிந்து இறங்கும் நேரத்துக்கு ஸ்டாப்பில் நிற்பார். முதல் இரண்டு மூன்று தடவை "அது எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். பின்னே ஒருநாள் "எப்பிடி இருக்கா?" என்றார். அது அவளாக மாறியது எனக்குக் காதில் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நல்லா இருக்கா அண்ணே" என்றேன். அந்த நேரத்தில் எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. தினமும் காலையில் நான் இன்குபேட்டரைத் திறக்கும்போது மனசுக்குள் ஓவி-14 என்ற நம்பர் வராது. வார்டில் பேனா கேட்டு நீட்டிய கைதான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச் முடிந்து வரும்போது பிந்து என் வீட்டு வாசலில் காத்திருந்தாள். ஆடி அமாவாசைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கர்க்கடக வாவு என்பார்கள். இறந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் பலி போடுகிற நாள்.

"அப்பா ரெண்டு வருஷமா அம்மைக்குப் பலி போடல்ல அக்கா. இந்த வருஷமும் போடமாட்டாராம். உயிரோட இருக்கவளுக்கு என்னத்துக்குப் பலின்னு கேக்காரு. நீங்கதான் சொன்னியளாம்."

அவள் சண்டைக்கு வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். அம்மை இருக்கிறாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றாள். நான் விளக்கத் தொடங்கினேன். செல் வாழ்வது வேறு, ஆள் வாழ்வது வேறு என்றேன். அப்படியானால் அந்தச் செல் யாருடையது என்றாள். அம்மையுடையது என்றேன். அப்போது அம்மையின் ஒரு பாகம் சாகவில்லைதானே என்றாள். ஆமாம் என்றேன். பேசப்பேச எனக்கே எது சரி என்று தெரியாமல் போனது. வாவுக்கு முன்னால் அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

4. ரிப்போர்ட்

நான் பேசப் போவதற்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது.

அனூப் எழுதிய கட்டுரையை ஒரு ஜர்னலுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தச் செல் இந்த நோயாளியுடையதுதான் என்று டி.என்.ஏ. சோதனை செய்து காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வயிற்று நீரோடு அப்போதே எடுத்த வசந்தாவின் ரத்த சாம்பிள் ஃப்ரீசரில் இருந்தது. ரத்தத்தையும் ஓவி-14 செல்லையும் வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினோம். கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் மாறுகிற சில இடங்களை டி.என்.ஏ.வில் பார்த்து எண்ணாக எழுதிக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லை. ஒரு இடத்தில்கூட நெருங்கவில்லை. அந்த லேப்காரர்களே கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இந்த எண்கள் உலகமெங்கும் லேப்களில் வளர்க்கிற ஒரு பழைய செல்லைனோடு பொருந்துகின்றன. அந்தச் செல்லைன் எங்களிடமும் இருந்தது, அதே இன்குபேட்டரில், மேல் தட்டில்.

மேடம் ரிப்போர்ட்டை மூன்று முறை வாசித்தார். அனூப் குழாய்கள் மாறிப்போயிருக்கும் என்றார். திரும்ப அனுப்பினோம். அதே பதில். அப்புறம் எல்லோரும் பழைய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தோம்.

இது எப்படி நடக்கும் என்றால், மிகச் சாதாரணமாக நடக்கும். வேகமாக வளரும் செல்லில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில், சோர்ந்துகிடக்கும் இன்னொரு ஃப்ளாஸ்கில் விழுந்தால் போதும். மெதுவானது செத்துப்போகும், வேகமானது இடத்தைப் பிடிக்கும். பார்க்கிறவருக்கு நின்றுபோன செல் உயிர்பெற்று எழுந்த மாதிரி இருக்கும். அதனால்தான் ஹூட் என்கிற, வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு செல்தான் கையாள வேண்டும், இடையில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், மீடியம் பாட்டில் தனித்தனியாக வைக்க வேண்டும். இந்த மூன்றையும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆறாவது பாசேஜ் நடந்த நாளில் இரண்டு செல்லையும் கையாண்டது நான். அது என் கையெழுத்து. எது முதலில், எது பின்னால், ஒரே பாட்டிலா, நோட்டில் இல்லை. எனக்கு நினைவும் இல்லை. அடுத்த வாரம் அனூப்பும் அதே ஹூடில் வேலை செய்திருக்கிறார். அவர் கையாகவும் இருக்கலாம். பதினெட்டாம் நாளுக்கு நேரே நான் எழுதியிருந்தது ஒரே சொல்: ஓகே.

அனூப் என்னிடம் கோபப்படவில்லை. மூன்று வருட வேலை போன மனுஷன், ஜன்னல் பக்கம் திரும்பிநின்று, உருவம் வேறு மாதிரி இருந்தது சேச்சிக்குத் தெரியவில்லையா என்று மட்டும் கேட்டார். தெரிந்தது என்றேன்.

அன்று மாலை மேடத்தின் அறைக்குப் போய், தங்கப்பனிடம் நான் சொன்னது அத்தனையும் சொன்னேன். செல் கலந்ததற்கு அவர் திட்டவில்லை. எந்த லேபிலும் நடக்கிறது, வெளியே சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வோம் என்றார். நான் தங்கப்பனிடம் பேசியதற்குத்தான் அவர் முகம் மாறியது. உன்னை வார்டுக்கு அனுப்பினதே என் தப்பு என்றார். நோயாளிகள் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதினார். டேங்கில் இருந்த இரண்டாவது பாசேஜ் வயல் மூன்றில் ஒன்றை எடுத்து வளர்க்கச் சொன்னார். அந்த டி.என்.ஏ. ரத்தத்தோடு அச்சாகப் பொருந்தியது. நீளமான, ஓரம் மங்கின செல். அவைதான் உண்மையான வசந்தாவின் செல். பத்தொன்பது நாள் இருந்தன. அப்புறம் மெல்ல நின்றன. நான் அந்தப் பத்தொன்பது நாளும் வேறு எந்தச் செல்லையும் தொடவில்லை.

5. வெள்ளறடை

குடும்பத்தாரிடம் சொல்லக் கமிட்டி அனுமதி வந்தபின் மேடமும் நானும் வெள்ளறடைக்குப் போனோம். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. பிந்துவும் வந்திருந்தாள். தங்கப்பன் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார். மேடத்தைப் பார்த்ததும் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மேடம் மலையாளத்தில் தொடங்கினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நாங்கள் வளர்த்துவந்தது உங்கள் மனைவியின் செல் இல்லை. அது எப்போதோ நின்றுவிட்டது. வேறொருவருடைய செல் அந்த இடத்தில் வந்துவிட்டது. அது எங்கள் கையால் நடந்தது. யார் கை என்று தெரியவில்லை. என் கையாக இருக்கலாம்.

அவர் முற்றத்தில் உலர்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட் ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

"அப்போ இத்தன நாளும் நான் சொகம் விசாரிச்சது யாருக்க காரியத்த?"

மேடம்தான் சொன்னார்: வேறு நாட்டில், நாம் யாரும் பிறப்பதற்கு முன்னால் நோய்வந்து இறந்த ஒரு பெண். அவருடைய செல்லை உலகமெங்கும் வளர்க்கிறார்கள்.

"அவளுக்கும் ஆளுவ உண்டுமா?"

இருப்பார்கள் என்றேன்.

"அவளுக்க ஆளுவளுக்குத் தெரியுமா, இவ இஞ்ச கெடக்கது?"

இருபத்தொன்பது வருடமாக அந்தச் செல்லைன் எங்கள் டேங்கில் இருக்கிறது. நான் நூறு தடவையாவது உருக்கி வளர்த்திருப்பேன். அந்தக் கேள்வியை எங்கள் லேபில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. தெரியாது அண்ணே என்றேன்.

டேங்கில் வசந்தாவின் வயல் இன்னும் இரண்டு இருக்கிறது, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறோம், வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்றாலும் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டார். அவர் பிந்துவைப் பார்த்தார். அம்மை சம்மதிச்சு எழுதினது, அது கிடக்கட்டும் என்று பிந்து சொன்னாள். தங்கப்பன் எங்களை ரோடு வரை கொண்டுவந்து விட்டார். கோபமா, வருத்தமா, இல்லை ஒரு பாரம் இறங்கிய நிம்மதியா என்று அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

வாவு கழிந்து பிந்து போன் செய்தாள். அப்பா விடியற்காலை நெய்யாற்றில் இறங்கி அம்மைக்குப் பலி போட்டுவிட்டாராம். ஒரு உருண்டை கூடுதலாக வைத்தாராம். யாருக்கு என்று பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டதற்கு, அறியாது என்று சொன்னாராம். "யாருக்குன்னு நானும் கேக்கல்ல அக்கா" என்றாள்.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

அனூப் வேறொரு சாம்பிளில் புதிதாகத் தொடங்கி, ஒன்றரை வருடம் தாமதமாக டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டாவது பாசேஜிலும், உறையவைக்கும்போதும், கட்டுரை எழுதும் முன்பும் டி.என்.ஏ. பார்ப்பது எங்கள் லேபில் கட்டாயமானது. நான் கடைசி இரண்டு வருடம் வேலைபார்த்து ஓய்வுபெற்றேன். ஹூட் விதிகளை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்; நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வேண்டியது வேறு. பதினெட்டாம் நாள் மைக்ராஸ்கோப்பில் குழம்பி நின்ற அந்த ஒரு நிமிடம்தான் அந்த மூன்று வருடத்தில் நான் சரியாகப் பார்த்த ஒரே நிமிடம். அதைத்தான் நான் எழுதவில்லை. தெளிவாக இருந்ததையெல்லாம் பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறேன். எனவே ஒன்று புரியாமல் போனால், வெட்கப்படாமல், புரியவில்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு மனுஷர் முன்னால் நின்று கேட்டாலும் அதையே சொல்லுங்கள். அவரைத் தேற்றுவதற்காகத் தெரிந்த மாதிரி பேசாதீர்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அதன்மேல் வாழத் தொடங்கிவிடுவார்.